டோப்: ஒரே ஒலி, ஐந்து பிறப்பு

சொல்லின் வேரைத் தேடுவது நம்மிடையே பெரும்பாலும் சொந்தம் கொண்டாடும் காரியமாகவே முடிகிறது. ஒலி ஒத்துப்போனால் போதும், உறவு நிச்சயமாகிவிடும். ஆங்கிலத்தில் இன்று அதிகம் புழங்காத ‘டோப்’ என்ற சொல் இந்தப் பழக்கத்துக்கு நல்ல பரீட்சை.

1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்–ஜாப்ஸன்’ அகராதியில் யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து 1882இல் இறந்துபோன பர்னலும் இதற்கு மூன்று அர்த்தங்களைத் தனித்தனி மூலங்களோடு தருகிறார்கள். ஒன்று பீரங்கி, துருக்கிச் சொல். இன்னொன்று பௌத்த ஸ்தூபி, பாலியின் ‘தூபோ’. மற்றது நம் தோப்பு. வட இந்திய மாந்தோப்பையும் ஆங்கிலேயர் ‘டோப்’ என்றே சொன்னார்கள். அங்குள்ள ஜனங்களுக்கோ அந்தச் சொல் தெரியாது. இவை போக, ஒருவகைச் சுறாவுக்கும் அதே பெயர். மிதமிஞ்சிக் குடிப்பதற்கும் அதே சொல்.

அஸ்தம்பட்டியில் ஒரு நாள் பேச்சினிடையே நண்பர் ஒருவர், குடிக்கிற ‘டோப்’பும் தோப்பிலிருந்து வந்ததுதான் என்றார். கள் இறக்குவது தென்னந்தோப்பில்தானே? 1937இல் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்த சேலம் ஜில்லாவில் இந்த விளக்கம் ருசிக்கத்தான் செய்யும். ஆனால் பந்தயத்துக்குச் சம்மதிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையொன்றே அதன் மூலமாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். 1944 முதல் 1956 வரை பாவாணர் தமிழ் கற்பித்த ஊர் இது. அவரிடமிருந்து உழைப்பை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. முடிவுகளை எடுத்துக்கொண்டவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பில் இதன் விலை தெரியும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது ஆர்தர் வெல்லெஸ்லியின் படை இருட்டில் சிதறிப்போனது சுல்தான்பேட்டை ‘டோப்’பில். அது தோப்பு. 1854இல் கன்னிங்ஹாம் எழுதிய ‘பில்ஸா டோப்ஸ்’ சாஞ்சி முதலான ஸ்தூபிகளைப் பற்றியது. ஒலியை மட்டும் நம்புகிறவன் சாஞ்சியில் மாமரம் நட்டுவிடுவான். எந்த ‘டோப்’ என்பதைத் தீர்மானிப்பது அது இருக்கும் வாக்கியம். நம் பெருமிதம் அல்ல.

ஸ்தூபியையும் தோப்பையும் ஓர் ஒலியில் சேர்த்துவைக்கக் கவிஞனுக்கு உரிமை உண்டு. அவன்தான் சேர்க்கிறான் என்பது வாசகனுக்குத் தெரியும். அதையே சரித்திரம் என்று சொல்லிச் சேர்ப்பவனுக்கு அந்த உரிமை இல்லை.