ஆயரை அழைத்தவர் யார்?

மிஷனெரிகளின் வாழ்க்கை வரலாறுகளை நாம் பெரும்பாலும் பக்தி நூல்களாகவே வாசிக்கிறோம். பட்ட பாடுகளை எண்ணுகிறோம்; ஊழியருக்கும் சபைக்கும் இருந்த உறவை ஆராய்வதில்லை. லேவி ஸ்பால்டிங் ஐயரின் வாழ்க்கையைக் கொண்டு இக்குறையைச் சுட்ட விரும்புகிறோம்.

1791-இல் நியூ ஹாம்ப்ஷயர் நாட்டுப்புறத்தில் ஜாஃப்ரி என்னும் ஊரில் பிறந்த அவர், ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் கற்று, 1818-இல் மாசசூசெட்சின் சேலம் நகரில் குருப்பட்டம் பெற்றார். 1820-இல் யாழ்ப்பாணம் வந்தவர், 1873-இல் உடுவிலில் மரிக்கும்வரை தமிழருக்கே உழைத்தார். பனியனின் மோட்சப் பயண நூலைத் தமிழாக்கினார்; ஞானப்பாடல்கள் இயற்றினார். இவ்வுழைப்பின் மேன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் அவர் சார்ந்த கான்கிரிகேஷனல் மரபின் உயிர்நாடி வேறு. அங்கே ஊர்ச்சபையே தன் ஆயரை அழைக்கும். வேண்டாமெனில் விலக்கவும் செய்யும். மாபெரும் இறையியலாளரான ஜோனத்தன் எட்வர்ட்ஸையே நார்த்தாம்டன் சபையார் 1750-இல் விலக்கினர். யாழ்ப்பாணத்து நிலை இதற்கு மாறானது. மிஷனெரியை அனுப்பியதும், ஊதியம் அளித்ததும், கணக்குக் கேட்டதும் பாஸ்டனிலிருந்த அமெரிக்க போர்டே. பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயரை இடும் வழக்கமும் இருந்தது.

சபையே இல்லாத இடத்தில் யார் அழைப்பது என்று கேட்கலாம். அது தொடக்க ஆண்டுகளுக்குப் பொருந்தும். ஆனால் மிஷன் 1816-இல் தொடங்கி ஏறக்குறைய 40 ஆண்டுகள் சென்றபின், 1855-இல் போர்டின் செயலர் ரூபஸ் ஆண்டர்சனே நேரில் வந்து, சுதேச ஆயரைக் கொண்ட ஊர்ச்சபைகளே மிஷனின் நோக்கம் என வற்புறுத்த வேண்டியிருந்தது. சுய ஆளுகை, சுய ஆதரவு, சுய பரப்புதல் என்பன அவர் கொள்கை. தாய்நாட்டுச் சபைகள் இயல்பாகவே பெற்றிருந்த உரிமை, இங்கே கொள்கையாக எடுத்துரைக்கப்பட வேண்டியதாயிற்று. ஸ்பால்டிங்கின் வரலாற்றை எழுதுவோர் இம்முரண்பாட்டை மறைத்தலாகாது.

வேங்கிக்கால் போன்ற ஊர்களில் ஊழியம் செய்யும் நமக்கு இது பழங்கதையன்று. நம்முள் பலர் மேலிடத்து ஆணையால் வருகிறோம். மறு ஆணை வந்ததும் செல்கிறோம். சபையார் நம்மை வழியனுப்புகின்றனரேயன்றித் தெரிந்துகொள்வதில்லை. எருசலேம் சபையிலோ, எழுவரைத் தெரிந்துகொண்டது விசுவாசிகளின் கூட்டம், அதன் பின்னரே அப்போஸ்தலர் கைகளை வைத்தனர் (அப். 6). ஊழியரின் வாழ்க்கை வரலாறு எதையும் வாசிக்கும் மாணவர், அவர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதோடு நிறுத்தாமல், அவர் சென்றபின் சபை தன் காலில் நின்றதா என்றும் கேட்பாராக. அக்கேள்வி முதலில் நம்மையே சோதிக்கும்.