தகடும் துப்பும்

"உங்கட ஊரில சைக்கிளுக்கு நம்பரே இல்லையாமே அண்ணை? அப்ப கள்ளன் கொண்டு போனா, எது உங்கட சைக்கிள் எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

கேட்டவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்ட இடம் சரியில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில், பலாலி வீதி ஓரமாக, வாழைக்குலைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம். திருநெல்வேலியில் பிறந்த ஒருவனிடம், இன்னொரு திருநெல்வேலியில் வைத்து, "உங்கள் ஊரில் இது கூட இல்லையா" என்றால் சுருக்கென்று இருக்காதா? அவருடைய அப்பாவும் என் அப்பாவும் கொழும்பு புறக்கோட்டையில் ஒரே கடையில் வேலை பார்த்தவர்கள். அந்த உரிமையில் கேட்டார். அதே உரிமையில் நானும் இதை எழுதுகிறேன்.

அவர் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய ராலே சைக்கிளில் சின்னதாக ஒரு தகரத் தகடு இருந்தது. உள்ளூராட்சி சபை அடித்துக் கொடுத்த இலக்கம். வரி கட்டி வாங்கியது. இலங்கையில் பிரதேச சபைகள் வர்த்தமானியில் (நாம் அரசிதழ் என்போம்) வெளியிடும் வரிப் பட்டியலை அவர் எனக்குக் காட்டினார். சொந்த உபயோகத்துக்கான துவிச்சக்கர வண்டிக்கு வருடத்துக்கு 4 ரூபாய், வியாபாரத்துக்கு என்றால் 18. அதே பட்டியலில் கீழே யானைக்கு 50 ரூபாய். சைக்கிளையும் யானையையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கும் நாட்டில் களவு போனதைத் தேடுவது கொஞ்சம் சுலபமாகத்தான் இருக்கும்.

துவிச்சக்கர வண்டி. அந்தச் சொல்லைப் பத்திரிகையில் பார்த்ததும் எனக்கு ஏதோ புராணத்தில் வரும் தேர் போலத் தோன்றியது. நமக்கு அரசாங்கம் சொன்னால் மிதிவண்டி, வாயால் சொன்னால் சைக்கிள். அவர்களுக்கும் வாயில் சைக்கிள்தான். ஆனால் அதன் உறுப்புகளில் வேறுபட்டுப் போகிறோம். நம் டயர் அங்கே ரயர், டியூப் ரியூப், சக்கரம் சில்லு. "முன்சில்லு கோணிப் போச்சு" என்றார் நண்பர். எங்களுக்குச் சில்லு என்பது தேங்காயில்தான். கோணிய சக்கரத்தை நேராக்குவதற்குக் கோட்டம் எடுப்பது என்று பாளையங்கோட்டைக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். திருப்பித் தரவேண்டாம் என்றும் சொன்னேன்.

திருட்டுக்கு வந்தால் சொற்கள் இன்னும் சுவாரசியம். நம் ஆட்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பார்கள். அவர்கள் பொலிசில் முறைப்பாடு செய்வார்கள். நமக்கு நடுவர், அவர்களுக்கு நீதவான். நமக்கு ரசீது, அவர்களுக்குப் பற்றுச்சீட்டு. நமக்குத் திருடன், அவர்களுக்குக் கள்ளன். சென்னைக்காரர் இதோடு நிறுத்திக்கொள்வார். எங்கள் பக்கத்துக் கிழவிகள் "களவாண்டுட்டுப் போய்ட்டான்" என்றுதான் சொல்வார்கள், "களவாணிப்பய" என்றுதான் ஏசுவார்கள். களவு எங்கள் இரண்டு திருநெல்வேலிக்கும் பொது. ஊர்ப் பெயரை அவர்கள் வாயில் திண்ணைவேலி என்று கேட்டபோதும் அப்படித்தான். என் ஆச்சி கிட்டத்தட்ட அப்படியேதான் சொல்வாள். அவர்களுடைய திருநெல்வேலியை 1983 ஜூலைக் கலவரச் செய்திகளோடு சேர்த்துத்தான் நான் முதலில் கேள்விப்பட்டேன். பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெயரின் கணக்கைப் பார்த்தால் அது அங்கேயும் நிற்காது. மகாவம்சத்தில் விஜயன் வந்து இறங்கிய மண் தம்பபண்ணி. எங்கள் ஆறு தாமிரபரணி. யார் யாருக்குப் பெயர் கொடுத்தார்கள் என்று நான் இங்கே வழக்குப் பேச வரவில்லை.

சைக்கிளுக்கு வருகிறேன்.

சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1860-இல் இங்கே எழுதிய தண்டனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் 1883-இல் இலங்கையில் எழுதினான் வெள்ளைக்காரன். இங்கே 379-ஆம் பிரிவு, அங்கே 367. இரண்டிலும் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை. 2024 ஜூலை 1 முதல் நம் பக்கம் புதிய சட்டம் வந்துவிட்டது. அதன்படி 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் திருடு போனால், நடுவர் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. முதல் தடவை மாட்டிக்கொண்டவன் பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையோடு தண்டனை முடிந்துவிடும். பழைய சைக்கிள் அநேகமாக ஐயாயிரத்தைத் தொடாது. ஆகவே சைக்கிளைத் தொலைத்தவருக்கு ஸ்டேஷனில் பெரும்பாலும் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று சொல்லும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு 1987-இல் அது கூடக் கிடைக்கவில்லை. பாளை மார்க்கெட் வாசலில் என் ஹெர்குலஸ் போனது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்த ஏட்டு, "பில் இருக்கா?" என்றார். இல்லை. "ஒரு குயர் வெள்ளைப் பேப்பர் வாங்கிட்டு வாங்க" என்றார். வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒரு தாளில் என் சைக்கிளைப் பற்றி எழுதினேன். மீதித் தாள்கள் யாருடைய துயரத்துக்குப் பயன்பட்டனவோ.

சைக்கிளைக் கண்டுபிடித்தது முருகன்குறிச்சிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி. பதினெட்டாம் நாள் சாயங்காலம் ஆள் விட்டார். "கோவாலசமுத்திரத்துல ஒரு டீக்கடை வாசல்ல ஒங்க சைக்கிளு நிக்கி. பச்சை பெயிண்டு அடிச்சிருக்கான். ஆனா போர்க்குல நான் வச்ச பித்தளைப் பத்து அப்படியே இருக்குவே." அதற்கு முந்தின வருஷம்தான் அவர் அதை ஓவராயில் பண்ணியிருந்தார். பால்ரஸ், கோன், பிரீவீல் என்று ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி எடுத்துக் கோத்தவருக்கு வண்டியின் முகம் தெரியாமல் இருக்குமா? பெயிண்ட் என்பது சட்டை மாதிரி. சட்டையை மாற்றினால் தம்பி அண்ணன் ஆகிவிட மாட்டான்.

இதைத்தான் நான் யாழ்ப்பாணத்து நண்பரிடம் சொன்னேன். உங்களுக்குத் தகடு, எங்களுக்கு ஆள். எங்கள் ஊரில் வாடகை சைக்கிள் ஓடிய காலத்தில் பின் மட்கார்டில் கடைப் பெயரும் எண்ணும் பெயிண்டில் எழுதியிருக்கும். ஆனால் அந்த எழுத்துக்காக யாரும் பயப்படவில்லை. மணிக்கணக்கில் வண்டி எடுத்துக்கொண்டு போகிறவனை, அவன் அப்பாவை, அவன் எந்தத் தெரு என்பதைக் கடைக்காரருக்குத் தெரியும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழடுக்கில் ஒரு சைக்கிள் கடந்து போனால், அது யாருடையது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவராவது அங்கே நின்றிருப்பார். கொஞ்சம் மிகைதான். ஆனால் வெளியூரில் இருந்து பேசும்போது அளந்து பேச முடிவதில்லை.

இந்த 'ஆள்' என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் நீண்ட வரலாறு உண்டு. கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தில் தேசக்காவல், ஸ்தலக்காவல் பற்றிப் படிக்கலாம். ஊருக்குக் காவல்காரர் உண்டு. அவருக்குக் காவல் கூலி உண்டு. பொருள் களவு போனால் மீட்டுத் தரவேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்டவேண்டும். அதன் நிழலாகத் துப்புக்கூலி என்று ஒன்று வந்தது. மாடு காணாமல் போனால், மாட்டுக்காரர் தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வார். ஒரு தொகை கை மாறும். இன்ன விடிலியில், இன்ன ஓடைக்கரையில் மாடு கட்டிக் கிடக்கும் என்று தகவல் வரும். துப்புச் சொன்னவருக்கும் களவாண்டவருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது. அது அதன் அழுக்கு. அந்த அழுக்கைச் சாக்காக வைத்து வெள்ளைக்காரன் 1911 சட்டத்தில் சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி, ராத்திரிதோறும் ஸ்டேஷனில் படுக்க வைத்தான். ஊரில் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். சென்னை மாகாணத்தில் அது ஒழிய 1947 ஆயிற்று. ஒரு வழக்கத்தைப் பெருமையாகச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தாலும் என் ஹெர்குலஸ் வந்த வழியும் அதுதான். அண்ணாச்சி கைகாட்டிய ஒருவருக்கு அறுபது ரூபாய் கொடுத்தேன். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இலங்கையில் மாட்டுக்கும் எழுத்துதான். குறிசுடுவார்கள், உரிமைச்சீட்டு வைத்திருப்பார்கள். கிராமத்தில் யாராவது ஒரு அதிகாரி அதற்குச் சாட்சி. விதானையார் முறையை 1963-இலேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கிராம அலுவலரை இன்னும் விதானையார் என்றே கூப்பிடுகிறார்கள். எழுத்தை நம்புகிற ஊரிலும் பழைய ஆள் போகமாட்டேன் என்கிறார். இதைக் கவனித்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

கடைசியில் போலீசும் ஆளும் கைவிட்டால் இரண்டு கரையும் சாமியிடம்தான் போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் பொருளைப் பறிகொடுத்தவர்கள் மிளகாய் அரைத்துப் பூசுவதை நாம் அறிவோம். கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம் காசு வெட்டிப் போடுவதும் தெரியும். இலங்கையின் தென்கரையில் ஹிக்கடுவைக்கு அருகே சீனிகம தேவாலயத்திலும் களவு கொடுத்தவர்கள் மிளகாயும் மிளகும் அரைக்கிறார்கள் என்று நண்பர் சொன்னபோது நான் அசந்துபோனேன். அவர்கள் சிங்களத்தில் அரைக்கிறார்கள், நாம் தமிழில். எரிச்சல் ஒன்றுதான்.

கிறிஸ்தவர்களுக்கு அந்தோனியார். அவருடைய சங்கீதப் புத்தகத்தை ஒரு இளம் துறவி எடுத்துக்கொண்டு ஓடி, பிறகு திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தானாம். அன்றிலிருந்து தொலைந்தது கிடைக்க அவர்தான். எங்களுக்கு உவரியில் இருக்கிறார், அவர்களுக்குக் கொழும்பு கொச்சிக்கடையில். நடுக்கடலில், கச்சதீவிலும் அவரே. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு கரை ஜனங்களும் அவர் முன்னால் கூடுகிறார்கள். உவரி அந்தோனியாருக்குக் கூட்டம் அதிகம், இதில் சந்தேகம் வேண்டாம்.

இத்தனையும் சொல்லி முடித்த பிறகு நண்பர் தன் கதையைச் சொன்னார். 2022-இல் பெட்ரோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது சைக்கிளுக்குத் திடீரென்று தங்க விலை. அப்போது அவருடைய சைக்கிளும் போனது. கள்ளன் முதல் வேலையாகத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டான். (இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவர் பார்த்திருப்பார்.) பிறகு பொலிஸ் எங்கோ நிறைய சைக்கிள்களைப் பிடித்து, உரியவர்கள் வந்து அடையாளம் காட்டலாம் என்று அறிவித்தது. இவர் பற்றுச்சீட்டைக் கொண்டுபோனார். அதில் பிரேம் நம்பர் எழுதியிருந்தது. குனிந்து பார்த்தார்கள், ஒத்துப்போனது. நீதவான் உத்தரவு வரச் சில மாதம் ஆனதாம். "எனக்குப் பதினெட்டு நாள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்குப் பொருளாகிவிட்ட வண்டிகளை ஸ்டேஷனில் துருப்பிடிக்க விடாமல் உரியவரிடம் சீக்கிரம் ஒப்படையுங்கள் என்று 2002-இல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்ததை நானும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. என் தங்கை மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விலையில்லா மிதிவண்டி கொடுத்தார்கள். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். எத்தனை பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டுபோய்ச் சேர்த்தது அது! இதற்கு நிகராக அந்தக் கரையில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் எல்லா வண்டியும் ஒரே நிறம், ஒரே அச்சு. மருமகளுடையது டியூஷன் வாசலில் போனது. முருகன்குறிச்சி அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். காயலான் கடை, காயலான் கடையாக ஏறி இறங்கினேன். காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் என்பார்கள், அவர்களும் ஒரு காலத்தில் கொழும்பில் கடை வைத்தவர்கள்தான். ஒவ்வொரு கடையிலும் அந்த நீல வண்டிகள் மூன்று நான்கு கிடந்தன. எதைச் சொல்வது என் மருமகளுடையது என்று?

புறப்படுகிற அன்று நண்பர் படலை வரை வந்தார். "அண்ணை, உங்கட ஹெர்குலஸ் இப்பவும் இருக்கோ?"

"இருக்கு."

"அதின்ர பிரேம் நம்பர் என்ன?"

நாலு நாளில் அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். ஊருக்கு வந்த மறுநாள் காலையில் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட்டுக்குக் கீழே, சட்டம் வந்து சேரும் இடத்தில் தேய்த்தேன். பச்சை உரிந்தது, அதற்கடியில் கறுப்பு உரிந்தது, அப்புறம் துரு. மூன்று எண்கள் தெரிந்தன. நான்காவது மூன்றா எட்டா என்று இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.