கர்-கர் ஒலியும் சத்தமில்லாத பின்னலும்

கோடையில் ஓர் ஆண் செருப்பு அணிந்து ஸ்டைலாக இருக்க முடியுமா என்ற கேள்வி நம் தெருக்களில் எழாது. வேட்டிக்கு இயல்பான துணை செருப்புதான். மூடிய தோல் ஷூவை ஆண்மைக்கும் அலுவலகத்துக்கும் அடையாளமாக்கிக்கொண்ட ஐரோப்பாவின் கேள்வி இது. கால்விரல் வெளியே தெரிந்தால் கண்ணியம் குறைந்துவிடும் என்ற பதற்றம் அதற்குள் இருக்கிறது. 2025 ஜூன் 22 அன்று மிலான் நகரில் பிராடா நிறுவனம் 2026 கோடைக்கான ஆண்கள் உடைகளைக் காட்டியபோது, அந்தப் பதற்றத்துக்கு ஒரு பதிலை மேடையேற்றியது: பெருவிரல் வளையம் வைத்த தட்டையான தோல் செருப்பு. பார்த்த இந்தியர்களுக்கு அதன் பெயர் உடனே தெரிந்தது. நிறுவனத்தின் குறிப்பில் மட்டும் அது வெறும் 'தோல் செருப்பு'.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். மகாராஷ்டிரத்தின் 4 மாவட்டங்களுக்கும் கர்நாடகத்தின் 4 மாவட்டங்களுக்கும் உரியதாக 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூரி அது என்று எதிர்ப்பு கிளம்பியது. இந்தியக் கைவினையே தூண்டுதல் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த டிசம்பரில், இரு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களுடன் சேர்ந்து 2,000 ஜோடிகளை இங்கேயே செய்விக்கும் திட்டத்தை அறிவித்தது. விவாதம் முழுக்க 'இந்தியாவின் பெருமை', 'அந்நியரின் திருட்டு' என்ற இரண்டு சொற்களுக்குள் முடிந்துபோனது. தேசம் முன்னால் வந்து நின்றதும் சாதியும் பெண்ணும் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள்.

அந்தச் செருப்பைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். எருமைத் தோல். கருவேலம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தியது. ஆணி கிடையாது, தோல் வாராலேயே தைப்பார்கள். பதனிடுகிறவர்களும் தைக்கிறவர்களும் பெரும்பாலும் டோர், சம்பார், சமகார் போன்ற சமூகத்தினர். தோலை வெட்டுவதும் அடிப்பதும் ஆண்களின் வேலை. தைப்பதும், மேற்பட்டையில் மெல்லிய தோல் இழைகளைப் பின்னுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நாம் 'ஸ்டைல்' என்று கண்ணால் தொடுவது அந்தப் பின்னலைத்தான். ஆனால் அது அடுப்படிக்கும் குழந்தைக்கும் நடுவே நடக்கும் 'வீட்டு வேலை'யாகவே பார்க்கப்படுகிறது. கைவினைஞர் என்றதும் நம் மனத்தில் வருபவர் ஓர் ஆண். பெல்காம் மாவட்டத்து அதணியில் பெண்கள் சுயஉதவிக் குழுக்களாகத் திரண்டு, 'டோஹோல்ட்' என்ற பெயரில் தங்கள் செருப்பை வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். மிலானைத் திட்டியவர்களில் எத்தனை பேர் அதணியை நினைத்தார்கள்?

ஆண்களுக்கான கோலாப்பூரியில் நடக்கும்போது கர்-கர் என்று ஒலிக்கும்படி செய்யப்படும் வகை ஒன்று உண்டு. வருகிறவர் வருகிறார் என்று தெருவுக்கு அது சொல்லும். மீசை, தலைப்பாகை, கூடவே அந்த ஒலி. பெண்ணின் கொலுசும் ஒலிக்கும். ஆனால் அது அவள் எங்கே இருக்கிறாள் என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வதற்கான ஒலியாகிவிட்டது. பெண்ணின் கால்விரல் வளையம் அவள் மணமானவள் என்று அறிவிக்கிறது. ஆணின் கால்விரல் வளையம் செருப்பு கழலாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆணின் அலங்காரம் அவனைப் பற்றி அவனே சொல்லிக்கொள்வது. பெண்ணின் அலங்காரம் அவளைப் பற்றி அடுத்தவர் எழுதி ஒட்டியது.

இங்கே எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த மேடையை உருவாக்கிய இருவரில் ஒருவர் மியுச்சா பிராடா. அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1970களில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் பெண்ணுரிமை இயக்கத்திலும் இருந்தவர். ஐரோப்பிய ஆணின் காலை மூடிய தோலிலிருந்து விடுவித்ததில் அவருக்குப் பங்குண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விடுதலைக்கான பின்னல் எந்தப் பெண்ணின் விரல்களிலிருந்து வந்தது என்று கேட்காத பெண்ணியம், வர்க்கத்தின் வாசற்படியிலேயே தன் செருப்பைக் கழற்றி வைத்துவிடுகிறது.

நாமும் தப்பிக்க முடியாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆதிக்க சாதித் தெருவைக் கடக்கவைத்த ஊர்கள் நம்முடையவை. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில், செருப்பு அணிந்து நடக்கக்கூடாது என்றிருந்த ஒரு தெருவில் பட்டியல் சாதியினர் சுமார் 60 பேர் செருப்போடு நடந்தார்கள். தோலை உரித்து, பதனிட்டு, தைத்துத் தந்த சமூகங்களின் காலிலிருந்தே செருப்பைக் கழற்றச் சொன்ன நாடு இது. 'ஸ்டைல்' என்ற சொல்லுக்கு நாம் எழுதக்கூடிய மிகச் சரியான உரை அந்த நடைதான். மிலான் மேடையில் நடந்தவர்கள் ஒரு கோடைக்காக நடந்தார்கள்.

ஆகவே என் பதில்: ஆண் தாராளமாகச் செருப்பு அணியலாம், அழகாகவும் இருக்கலாம். அதற்கு மிலானின் அனுமதி வேண்டாம். ஆனால் அந்த 2,000 ஜோடிகளில் ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு தொங்கும்போது, கூடவே பின்னியவளின் பெயரும் இருக்க வேண்டும். அவள் கூலி எவ்வளவு என்பதும் இருந்தால், அந்தச் செருப்பு எழுப்பும் ஒலியை நானும் நின்று கேட்பேன்.