திரையில் சிரிக்கும் கல்

அசைவனவெல்லாம் உயிருடையன என்றே சிறார் பலர் எண்ணுவர். பியாஜே தம் 1926ஆம் ஆண்டு நூலில் இதனை விரித்துரைத்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிவர். உயிருள்ளவை, உயிரற்றவை என்னும் பாடம் தெளிவிக்க வேண்டியதும் இம்மயக்கத்தையே. வகுப்பறைக் கணினித் திரையிலோ கல் சிரிக்கிறது, மேகம் பேசுகிறது, மரம் மட்டும் வாளா நிற்கிறது! மயக்கம் தெளியுமா, தடிக்குமா?

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என மரபியலில் வகுத்தார் தொல்காப்பியர். அதனைக் காட்டப் பாரோய்த் தோட்டப்புறத்தில் பொருளுக்கா பஞ்சம்? புதிதாய் உதிர்ந்த பால்மர விதை ஒன்று, கூழாங்கல் ஒன்று, இரண்டும் அசைவதில்லை. இரண்டையும் மண்ணிட்ட தகரக்குவளைகளில் புதைத்துப் பிள்ளைகளே நீர் ஊற்றட்டும்.

திரை வீணென்பேனல்லேன். பல நாள் வளர்ச்சியை ஒரு நிமிடத்தில் சுருக்கிக் காட்டும் படம் அருமையானது. அதைக் காட்டும் நாள், குவளையில் முளை கண்ட மறுநாள்.