எளிமை வேறு, சிறுமை வேறு: சிறப்புக் கல்வி வகுப்பில் நாட்டு நடப்பு

நாட்டு நடப்பை மாணவர்க்கு உணர்த்துவது பள்ளியின் கடமைகளுள் ஒன்று என்பதை மறுப்பார் இலர். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பதும், அறிவிப்புப் பலகையில் நாளேட்டுத் துணுக்குகளை ஒட்டுவதும், புதிர்ப் போட்டி நடத்துவதும் நெடுநாள் வழக்கங்கள். ஆனால், இவ்வழக்கங்கள் பல இடங்களில் சிறப்புக் கல்வி வகுப்பின் வாயிற்படியோடு நின்றுவிடுகின்றன. “இந்தப் பிள்ளைகளுக்கு நாட்டு நடப்பு எதற்கு? தம் பெயரை எழுதப் பழகினால் போதாதா?” என்னும் வினா பரிவோடுதான் எழுகிறது. எனினும், பரிவினால் விளையும் தவறும் தவறே.

செய்தியை இப்பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைக்க இயலுமா? 2020 மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, மனிதர் முகத்தை மூடிக்கொண்டனர். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே இருக்கை என்னும் ஒழுங்கில் அமைதி காணும் ஆட்டிசம் உடைய பிள்ளைக்கு அம்மாற்றம் எத்துணைப் பெரிய அதிர்ச்சி! செய்தி அப்பிள்ளையின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. விளக்கம் மட்டும் வரவில்லை. இப்பிள்ளைகளுக்கு நாட்டு நடப்பு தேவைதானா என்ற வினாவை அந்த ஆண்டே தீர்த்து வைத்தது எனலாம்.

அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. வாக்களிக்கும் வயதைப் 18 ஆக்கும் அரசமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. அதனுடன் வாக்காளர் பெயர்கள் தாமாகவே பதிவாகும் முறையும் வந்தது. 2022 நவம்பர் 19-இல் நடந்த 15-ஆவது பொதுத் தேர்தலில் 18 வயதினரும் வாக்களித்தனர். மனநலக் காரணத்தால் காவலில் வைக்கப்பட்டோர், சிறைத் தண்டனை அனுபவிப்போர் போன்ற சிலரையே சட்டம் விலக்குகிறது. கற்பதில் மெதுவானவரை அது விலக்கவில்லை. வாக்காளர் பட்டியல் எவரிடமும் மதிப்பெண் கேட்பதில்லை. இன்று சிறப்புக் கல்வி வகுப்பில் வண்ணந் தீட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை நாளைய வாக்காளர். சட்டம் அவர்க்கு உரிமையை வழங்கிவிட்டது. அதனைப் பயன்படுத்தும் அறிவை வழங்க வேண்டியது பள்ளியே.

இத்துறையில் சுவீடன் நாட்டின் முயற்சி ஒன்று ஆராயத்தக்கது. ‘எட்டுப் பக்கங்கள்’ எனப் பொருள்படும் பெயருடைய செய்தித்தாள் அங்கு 1984-இல் தொடங்கியது. வாசிப்பில் இடர்ப்படுவோர்க்கென்றே எளிய நடையில் எழுதப்படும் ஏடு அது. 1989-இல் அந்நாடு, வயது வந்தோரைத் தகுதியற்றவர் என அறிவித்து வாக்குரிமையைப் பறிக்கும் பழைய முறையை அறவே ஒழித்தது. உரிமையும் அதற்குத் துணையான ஏடும் அடுத்தடுத்து வந்தமை கருதத்தக்கது. அண்டை நாடான நார்வேயிலும் 1990-இல் இத்தகைய ஏடு ஒன்று பிறந்தது.

அந்த ஏட்டின் சிறப்பு அதன் சொற்களைவிட அதன் தேர்வில் இருக்கிறது. படிப்பவர் எளியவர் என்பதால் பூனைக்குட்டிச் செய்தியும் திருவிழாச் செய்தியும் போதும் என்று அது கருதவில்லை. போரும், நாடாளுமன்றமும், தேர்தலும், விளையாட்டும் அதில் இடம் பெறுகின்றன. செய்தி எல்லார்க்கும் ஒன்றே, வழிதான் வேறு. நம் வகுப்பறைகள் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

ஆயினும், அம்முறையை அப்படியே தமிழுக்குப் பெயர்த்தால் போதாது. தமிழ் வாக்கியத்தில் முடிக்கும் வினை கடைசியில் நிற்கும். எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரச் சேர, நினைவாற்றல் குறைந்த பிள்ளை வினைமுற்றை எட்டும் முன்பே எழுவாயை மறந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்தது போன்ற வெள்ளத்தைப் பற்றி நாளேட்டு நடையில் எழுதினால் இவ்வாறு அமையும்: “தொடர்ந்து பெய்த கனமழையால் ஆறு கரைபுரண்டதையடுத்துத் தாழ்வான பகுதிகளில் வசித்துவந்த குடும்பங்கள் தீயணைப்புப் படையினரால் மீட்கப்பட்டுத் தற்காலிக நிவாரண மையங்களில் தங்க வைக்கப்பட்டுள்ளன.” இந்த ஒரு வாக்கியத்தில் ஐந்து செயல்கள் அடங்கியுள்ளன.

இதனை எளிமையாக்கப் புகும் ஆசிரியர், “மழை பெய்தது. வெள்ளம் வந்தது. மக்கள் பள்ளியில் தங்கினார்கள்” என்று எழுதிவிடக் கூடும். இது குறுகியது, ஆனால் எளியதன்று. வீடிருக்க மக்கள் ஏன் பள்ளியில் தங்கினார்கள்? யார் அழைத்துச் சென்றார்கள்? காரணம் அற்றுப்போய், மூன்று துண்டுகளே மிஞ்சுகின்றன. இதற்கு மாறாக, “பல மணி நேரம் பெருமழை பெய்தது. அதனால் ஆற்றில் தண்ணீர் கூடியது. தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. வீட்டில் இருப்பது ஆபத்து. ஆகையால் தீயணைப்பு வீரர்கள் மக்களைப் படகில் ஏற்றினார்கள். பள்ளி மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளம் வடியும் வரை மக்கள் அங்கே இருப்பார்கள்” என்று எழுதினால், ‘அதனால்’, ‘ஆகையால்’ என்னும் இரு சொற்கள் செய்தியைக் கோத்து நிற்கின்றன. செய்தவர் யார் என்பதும் தெரிகிறது. எளிமை சில வேளைகளில் நீளத்தையும் வேண்டும். வாக்கியத்தை வெட்டலாம், காரணத்தை வெட்டலாகாது.

பொது அறிவு என்ற பெயரில் அமைச்சர் பெயரையும் தலைநகர்ப் பெயரையும் ஒப்புவிக்கச் செய்வது மற்றொரு குறை. ஆட்டிசம் உடைய சிலர் பெயர்களையும் தேதிகளையும் ஒரு பிழையுமின்றிச் சொல்லிவிடுவர். கேட்போர் வியப்பர். ஆனால், அந்த அமைச்சர் எடுத்த முடிவு தம் வீட்டை எவ்வாறு தொடும் என்பது அப்பிள்ளைக்குத் தெரியாவிடில், அவ்வியப்பால் யாது பயன்?

இன்னொன்று. ‘சிறப்புத் தேவை’ என்பது ஒரு பெயரே, ஒரே தேவையன்று. பார்வை இழந்த பிள்ளைக்குச் செய்தியை எளிமையாக்க வேண்டியதில்லை. ஒலியாகவோ பிரெயில் எழுத்தாகவோ தந்தால் போதும். செவிப்புலன் இழந்தோர்க்கு மலேசியச் சைகை மொழியே மொழி. 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டமும் அதனை ஏற்றுள்ளது. டிஸ்லெக்சியா உடையவர் எழுத்தில் தடுமாறினும் கேட்டறிவதில் குறைந்தவர் அல்லர். இவர்கள் அனைவர்க்கும் ஒரே தாளை நீட்டுவது ஒரே அளவுச் சட்டையை எல்லார்க்கும் மாட்டுவது போலாகும். கற்பிக்கும் முறையையும், நேரத்தையும், துணைக்கருவிகளையும் ஆசிரியர் மாற்றி அமைத்துக்கொள்ள 1997-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகளே இடந்தந்தன. ஆதலின், விதி தடுக்கிறது என்பாரின் சொல் பொருந்தாது.

செய்யத்தக்கது என்ன? நாளுக்குப் பத்துச் செய்தி வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். திங்களன்று படம்; செவ்வாயன்று யார், எங்கே; புதனன்று ஏன்; வியாழனன்று “நம் வீட்டுக்கு இதனால் என்ன?”, வெள்ளியன்று மாணவர் தம் கருத்தைச் சொல்லலாம், வரைந்தும் காட்டலாம். நடந்தது எது, ஒருவர் எண்ணுவது எது என்னும் வேறுபாட்டை இரு வண்ண அட்டைகளால் உணர்த்தலாம். இவ்வேறுபாடு இன்று உயிர்நாடி போன்றது. புலனத்தில் வரும் பொய்யையும் ஏமாற்று அழைப்பையும் எளிதில் நம்பிவிடக் கூடியவர்கள் இப்பிள்ளைகள். ஆசிரியர் தம் கட்சிச் சார்பை எளிய சொல்லில் பொதிந்து ஊட்டிவிடாமல் காப்பதும் இங்கே கூடுதல் கடமையாகும். மறுத்துப் பேசப் பழகாத பிள்ளைக்கு ஆசிரியர் சொல்லே வேதமாகிவிடும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு நாளேடு, ஒரு கத்தரிக்கோல், முன்னிரவில் அரைமணி நேர உழைப்பு ஆகியவை போதும். வேண்டுவது, இப்பிள்ளையும் இந்நாட்டின் குடிமகன், குடிமகள் என்னும் நினைவு. அந்நினைவோடு வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் செய்தியை எளிமையாக்குவார், பிள்ளையைச் சிறுமையாக்கார்.