கைக்கு வேலை வைத்த சுவர்

புதுச்சேரிக்குப் போய் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் அதன் அமைதியைப் பற்றியே சொல்கிறார்கள். ஆசிரம விடுதி என்றால் அமைதியாகத்தான் இருக்கும். அதற்காகக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டை ஜப்பானிலிருந்து வரவழைத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அங்கே முக்கியமானது ஒரு பித்தளைப் பிடி. அதைத் திருப்பினால் சுவரே திரும்புகிறது. சன்னல் என்று தனியாக ஒன்று இல்லை, கண்ணாடியும் இல்லை. வடக்கிலும் தெற்கிலும் கட்டடத்தின் முகம் முழுக்கப் படுக்கைவாட்டில் அடுக்கிய சிமென்ட் பலகைகள். மூடினால் சுவர், திறந்தால் காற்று, பாதி திறந்தால் வெயில் மட்டும் வெளியே நின்றுவிடும்.

அந்தப் பிடிகளை ஆசிரமத்திலேயே வார்த்தார்கள், பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி. யார் வீட்டு அண்டாவோ குத்துவிளக்கோ, இன்று ஒரு சிமென்ட் பலகையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் பாட்டி வீட்டை நினைக்காமல் என்னால் அந்தப் பிடியைத் தொட முடிந்ததில்லை. மாடி சன்னல்களுக்குச் சாய்ந்த மரச்சட்டங்கள் வைத்த கதவுகள். நடுவில் செங்குத்தாக ஒரு குச்சி. மேலே தள்ளினால் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்ளும், கீழே இழுத்தால் திறக்கும். காலை எட்டு மணிக்குக் கிழக்குப் பக்கத்தை மூடிவிடுவாள். கடல்காற்று எழும்புகிற நேரத்தைப் பார்க்க அவளுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து போய் கிழக்குக் குச்சியை இழுத்துவிட்டு, மேற்கை அடைத்துவிட்டு, திரும்ப வந்து படுத்துவிடுவாள். ஐப்பசி மழைக்கு அவள் வைக்கும் சாய்வு வேறு: சாரல் உள்ளே வராது, ஆனால் மண்வாசனை வரும். ரேமண்ட் அந்த வழியாகப் போயிருந்தால் இரண்டு பேருக்கும் பேசுவதற்கு நிறைய இருந்திருக்கும்.

ரேமண்டின் கதை சுற்றிச் சுற்றி வருவது. 1888இல் பொஹீமியாவின் கிளாட்னோவில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய்க் குடியுரிமை பெற்று, ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் சேர்ந்து, டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக 1919இல் ஜப்பான் போனவர். போனவர் ரைட்டை விட்டுவிட்டார், ஜப்பானை விடவில்லை. 1924இல் டோக்கியோவில் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டில் கான்கிரீட்டைப் பூசி மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் அது கொஞ்சம் கிறுக்குத்தனம். ஜப்பானில் அவரை அறிந்திருந்த பிரெஞ்சுக்காரர் பவித்ரா பிறகு அரவிந்தர் ஆசிரமத்தில் இருந்தார். விடுதி கட்டும் பேச்சு எழுந்தபோது அழைப்பு அந்த வழியாகப் போயிற்று. பணம் ஹைதராபாத்திலிருந்து வந்தது. நிஜாமின் திவான் அக்பர் ஹைதரி ஏற்பாடு செய்த ஒரு லட்ச ரூபாய். அந்த ஊர்க் கோல்கொண்டாவின் பெயர் பிரெஞ்சு வாயில் கோல்கொண்ட் ஆனது.

ரேமண்ட் வரைந்தார், பக்கத்திலிருந்து கட்டியவர்கள் இரண்டு பேர். கார்பூசியேவிடம் வேலை பார்த்த செக்கோஸ்லோவாக்கியர் ஃபிரான்டிஷெக் சாமர் ஒருவர். இன்னொருவர் ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். ஆசிரமத்திலேயே தங்கி, அரவிந்தரிடம் சுந்தரானந்தா என்று பெயர் வாங்கிக்கொண்டவர். பின்னாளில் உலகமே கொண்டாடிய அந்தத் தச்சனின் ஆரம்ப மரச்சாமான்கள் இந்த அறைகளுக்காகச் செய்த தேக்குச் சாமான்கள்தாம். 1937வாக்கில் தொடங்கிய வேலை நாற்பதுகளில்தான் முடிந்தது. வேலையாட்களில் பலர் அதுவரை கொத்துக் கரண்டி பிடித்தறியாத ஆசிரமவாசிகள். அவசரப்பட யாருக்கும் காரணம் இருக்கவில்லை, அது அந்தக் கான்கிரீட்டின் விளிம்புகளில் தெரிகிறது.

இந்தியாவின் முதல் கான்கிரீட் கட்டடம் என்று அதற்கு ஒரு பட்டம் கொடுப்பார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் அக்கறை கிடையாது. கோல்கொண்டில் எனக்குப் பிடித்ததெல்லாம் நம் ஊர்ச் சரக்கு. தரை கடப்பைக் கல். நம் சமையலறையில் அரிவாள்மணையும் மிக்ஸியும் உட்காரும் அதே கறுப்புக் கல், அங்கே கையால் இழைக்கப்பட்டு வெறுங்காலுக்காகக் காத்திருக்கிறது. சுவரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு, செட்டிநாட்டுப் பக்குவம். தட்டைக் கூரைக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை இன்னொரு வரிசையாகக் கவிழ்த்து, நடுவில் காற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். வெயில் மேல் ஓட்டோடு சண்டை போட்டுவிட்டுப் போய்விடும். மாடியில் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டுச் சூடு குறையக் காத்திருக்கும் மந்தைவெளிக்காரர்கள் ஒருமுறை பார்க்க வேண்டிய கூரை. அறைகளுக்கும் நடைக்கும் இடையே தள்ளு கதவுகள், தேக்குச் சட்டங்களை விலக்கி விலக்கி அடுக்கியவை. கதவு சாத்தியிருக்கும், காற்று போகும், ஆள் தெரியாது.

அடையாறில் ஒரு நண்பர் இருக்கிறார், லாரி பேக்கர் பக்தர். பேக்கர் வடிவமைத்த முட்டுக்காட்டு தக்ஷிணசித்ராவைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் போகும்போதெல்லாம், இங்கேயே இறங்கிவிடலாமே என்பார். செங்கல்லுக்கு நடுவே ஓட்டை விட்டால் போதும், எதற்கு இவ்வளவு பித்தளை என்பது அவர் கட்சி. பேக்கர் கட்டடத்தில் எனக்கும் கண் குளிரும். ஆனால் செங்கல் சாலகம் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். மார்கழிக்கும் சித்திரைக்கும் ஒரே முகம். கார்பூசியே சண்டிகரில் வைத்த வெயில் மறைப்புகளும் அப்படியே, சூரியனுக்கு உத்தரவு போடுகிறவை, அதுவும் கோல்கொண்டுக்குப் பத்து வருஷம் கழித்து. இன்னொருவர், கன்னிமாரா ஹோட்டலில் எழுபதுகளில் ஜெஃப்ரி பாவா செய்த வேலையைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார். பாவா கண்ணுக்கு விருந்து வைப்பார், மறுக்கவில்லை. அங்கே நான் விருந்தாளி. கோல்கொண்டில் ஒவ்வொரு பிற்பகலும் யாராவது எழுந்து போய்ப் பிடியைத் திருப்பியாக வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அந்தச் சுவர் பாதிச் சுவர்தான்.

ரேமண்டை முழுசாகக் கொண்டாட முடியாதபடி ஒன்று நெஞ்சில் இடறுகிறது. 1943இல் அமெரிக்க ராணுவம் யூட்டா பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை அப்படியே கட்டி, தீக்குண்டு போட்டு எரித்துப் பார்த்தது. அந்த வீடுகளை வடிவமைத்தவர் ரேமண்ட். பாய் உட்பட எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும், அவருக்குத்தானே தெரியும். அதே வருஷம், ஐடஹோவில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாமிலிருந்து நகாஷிமாவை வெளியே எடுத்துத் தன் பென்சில்வேனியா பண்ணையில் குடிவைத்தவரும் அவரே. போருக்குப் பின் ஜப்பானுக்கே திரும்பிப் போய்க் கட்டினார். 1961இல் தகாசகியில் எழும்பிய இசை அரங்கைத்தான் அவருடைய உச்சம் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். மடித்த காகிதம் போன்ற அந்தக் கூரையைப் படத்தில் பார்த்தால் மூச்சு நிற்கும்தான். ஆனால் அங்கே திருப்ப ஒன்றும் இல்லை.

சென்னையில் இன்று இப்படித் திருப்பக்கூடிய லூவர் மிஞ்சியிருப்பது குளியலறையில் மட்டும். கையகலக் கண்ணாடித் துண்டுகள். ஒன்று கழன்று பக்கத்து வீட்டுப் பக்கம் விழுந்தால் அதோடு சரி, எக்ஸாஸ்ட் ஃபேன் ஏறிவிடும். தி.நகரில் மேற்கு வெயிலை நேருக்கு நேர் வாங்குகிற முகப்பில் ஆறு மாடிக்குக் கண்ணாடி ஒட்டி, உள்ளே விற்பனைப் பெண்கள் ஸ்வெட்டர் போட்டு நிற்கும் அளவுக்கு ஏசி வைக்கிறார்கள். பாட்டி வீட்டை வாங்கிய பில்டரிடம் அந்தச் சன்னல் கதவுகளை மட்டும் கேட்டேன். எடுத்து வைக்கிறேன் சார் என்றார். அடுத்த வாரம் போனபோது அங்கே செங்கல் பொடிதான் இருந்தது.

போன மாதம் ஆழ்வார்பேட்டையில், பழைய வீட்டை மாற்றிய ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். சுவரில் அலங்காரத்துக்கு அதே மாதிரிக் கதவுகள், நீலம் அடித்து, திருகாணி போட்டு இறுக்கி, மேலே விளக்கு. பின்னால் சன்னல் இல்லை, வெறும் சுவர். சித்திரக்குளத்துக் கதவுகளாக இருக்காது என்று தெரிந்தும் எழுந்து போய் நடுக்குச்சியைக் கீழே இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. சட்டங்களின் இடுக்கில் தூசி தங்கக்கூடாது என்று ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டியிருந்தார்கள்.

“ஏசி பத்தலையா சார்?” என்றான் பரிமாறுகிற பையன், கையில் ரிமோட்டோடு.