மொய் நோட்டு

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்யாணங்களில் வாசலிலேயே மேஜை போட்டு மொய் எழுதுவார்கள். வாங்கியவர் திருப்பி எழுதியாக வேண்டும். குறைந்தால் பேச்சு எழும். ஆனாலும் நோட்டுப் பிடித்தவருக்கு ஆளைத் தெரியும். மழை பொய்த்த வருஷத்தில் ஐம்பது ரூபாய் எழுதியவனை யாரும் பந்தியிலிருந்து எழுப்பிவிட மாட்டார்கள்.

இதே போன்ற நோட்டை வைத்துக்கொண்டு இணையத்தில் நடக்கும் சங்கங்கள் உண்டு. புத்தகம், பாட்டு, சினிமா ஆகியவற்றை உறுப்பினர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் மூடிய தலங்கள் அவை. உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் நுழையலாம். அழைக்கப்பட்டவர் தப்புச் செய்தால் அழைத்தவருக்கும் தண்டனை. பெற்றது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று ஒவ்வொருவர் பேரிலும் கணக்கு இருக்கும். விகிதம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் வெளியேற்றம்தான்.

இந்தக் கண்டிப்பை நான் பரிகசிக்க வரவில்லை. 2001-ல் பிராம் கோஹன் அமைத்த பிட்டொரண்ட் முறையில் கோப்பு துண்டு துண்டாக வருகிறது. வாங்குகிறவரே கைக்கு வந்த துண்டைப் பிறருக்கும் கொடுக்கிறார். வாங்கியதும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டால் கோப்பு செத்துவிடும். 2007-ல் தோன்றிய 'வாட்.சிடி' என்ற இசைத் தலத்தில் சேர, ஒலிப்பதிவு வகைகளைப் பற்றி நேர்முகப் பரீட்சையே வைத்தார்கள். கடைகள் கைவிட்ட இசைத்தட்டுகளை அங்கே சிரத்தையோடு பேணினார்கள். 2016 நவம்பரில் அது மூடப்பட்டபோது பலர் துக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை.

கோளாறு தராசில் இருக்கிறது. ஒருவர் கொடுப்பதுதான் இன்னொருவர் வாங்குவது. சலுகைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மொத்த வரவும் மொத்தச் செலவும் சமம். ஒருவருடைய விகிதம் மூன்றாக உயர்ந்தால் வேறு சிலருடையது ஒன்றுக்குக் கீழே தாழ்ந்தே ஆக வேண்டும். தாழ்கிறவர் யார்? கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அருகில் எனக்கு ஓர் இளம் நண்பர் இருக்கிறார். புத்தகப் பைத்தியம். சிக்னல் மேகம் மாதிரி வந்து வந்து போகும் இடம். ராத்திரி முழுவதும் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்; கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் எங்கோ அயல்நாட்டில் வேகமான சர்வரை வாடகைக்குப் பிடித்தவர் முன்னதாகவே கொடுத்து முடித்திருப்பார். இலை போட்டு விருந்தாளிக்காகக் காத்திருந்தவனைக் கஞ்சன் என்று தள்ளிவைத்த கதை இது. காத்திருந்த நேரத்துக்கும் மதிப்பெண் தரும் தலங்கள் சில உண்டு. அவையே நியாயம் தெரிந்தவை என்பது என் அபிப்பிராயம்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட சங்கதி. அமெரிக்க எழுத்தாளர் ஜே.டி. சாலிஞ்சர் 2010-ல் காலமானார். அவருடைய கதை ஒன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அவர் இறந்து ஐம்பது வருஷம் ஆகும்வரை பிரசுரிக்கக் கூடாது என்பது ஏற்பாடு. 2013-ல் அதுவும் வேறு இரண்டு கதைகளும் வாட்.சிடியில் வெளிவந்துவிட்டன. உறுப்பினருக்கு உறுப்பினர் பட்ட கடனைத் தசம புள்ளிவரை குறித்துவைத்த நோட்டில், கதையை எழுதியவனுக்கு ஒரு வரிகூட இல்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். தொண்டர்கள் பழைய நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். அழைப்பு, விகிதம் எதுவும் கிடையாது. வாங்கினவன் திருப்பித் தரவில்லை என்று எந்த நூலும் அங்கே செத்துப்போகவில்லை.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியன் அல்ல. என் முதல் நாவல் அச்சில் இல்லாமல் போய் வெகு காலமாகிறது. என்னிடமே பிரதி கிடையாது. அது அந்த மூடிய தலத்தில் இருக்கிறது என்று மலை நண்பர் போன மாதம் தயங்கித் தயங்கிச் சொன்னார். என்னைக் கேட்காமல் எவனோ போட்டிருக்கிறானே என்று கோபம் வந்தது. கூடவே வெட்கங்கெட்ட சந்தோஷமும் வந்தது. "எனக்கு ஒன்று எடுத்துக் கொடுங்கள்" என்றேன்.

"முடியாதுங்க சார். விகிதம் போதவில்லை என்று போன வாரமே என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்" என்றார்.